கிழிந்த முண்டிலிருந்து ஒரு விரிப்பு

பொழியூர்க் கடப்புறத்தில் படகு கரையேறிய பிறகுதான் நூல் வேலை தொடங்குகிறது. மணலில் விரித்த வலையின் ஒரு ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, நூல் சுற்றிய ஊசியைக் கிழிந்த கண்களுக்குள் ஓட்டுகிறார் ஒருவர். ஊசி கீழிருந்து ஏறிப் பழைய கண்ணைச் சுற்றுகிறது; தன் நூலுக்குள்ளேயே நுழைந்து இறுகுகிறது. அடுத்த கண்ணும் அதே அளவில் விழுகிறது. கையில் அளவுகோல் கிடையாது, விரல்தான் அளவு. நூலை எவ்வளவு இறுக்குவது, முடிச்சு எங்கே விழவேண்டும், கண் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்ற மூன்றும் தெரிந்த அந்தக் கைக்குக் குரோஷா ஊசி பழகச் சில நாள் போதும்.

நூற்கலைகளைப் பழக நினைப்பவர்களுக்கு இந்த எல்லைப்புறம் நல்ல பள்ளிக்கூடம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை வரையப்பட்டபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது, விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு வந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பொழியூர், அந்தப் பக்கம் கொல்லங்கோடும் நீரோடியும். நூல் எந்தக் கோட்டையும் பார்க்கவில்லை. வடக்கே பாலராமபுரத்தில் குழித்தறி, தெற்கே முளகுமூட்டிலும் நாகர்கோவிலிலும் லேஸ் வேலை, இடையில் கடலோரம் முழுக்க வலையும் கயிறும். சாயத்துக்கு வேண்டிய தேங்காய் மட்டை, பாக்கு, பலாமரத் தூள் எல்லாம் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

இந்த அத்தியாயம் நான்கு கலைகளைத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. ஒரே பொருளைச் செய்யச் சொல்கிறது: 75 சென்டிமீட்டர் அகலமும் 90 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட குழந்தை விரிப்பு. அதற்குச் சாயம் ஏற்றி, துண்டுகளை ஒட்டித் தைத்து, ஓரத்தைப் பின்னி, மேலே பூவேலை செய்து முடிக்கும்போது நான்கும் கைக்கு வந்திருக்கும்.

துணி

விலைக்கு வாங்கவேண்டாம். பல ஆண்டுகள் துவைத்து நைந்த ஒரு பருத்தி முண்டு, இரண்டு பழைய துவர்த்து, அதாவது ஈரம் துவட்டும் துண்டு, இருந்தால் போதும். ஒற்றை முண்டு ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம் இருக்கும். கிழிந்த இடங்களை ஒதுக்கினாலும் மேல்பக்கத்துக்கும் அடிப்பக்கத்துக்கும் துணி தேறும். துவர்த்து நடுவில் உள்ளீடாகும். இந்தப் புழுக்கத்தில் பஞ்சு திணித்த மெத்தை விரிப்பு யாருக்கும் வேண்டியிருக்காது.

பாலராமபுரத்து முண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மாவின் பெயரால் அமைந்த ஊர் அது. அவர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அவர்களுடைய சந்ததியினர் நெசவுத் தெருக்களில் இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். அங்கே பாவு நூலைத் தெருநீளத்துக்கு விரித்து, அரிசிக் கஞ்சியும் தேங்காய் எண்ணெயும் சேர்த்து நீண்ட தூரிகையால் நீவிக் காயவிடுகிறார்கள். குழித்தறியில் கையால் ஓடம் எறிந்து நெய்யும் அந்தத் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேதமே தெரியாது. பாலராமபுரம் சேலைகளும் நுண்பருத்தித் துணிகளும் 2009-10இல் புவிசார் குறியீடு பெற்றன. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும் துணியில் சதுரத்தை எப்படித் திருப்பித் தைத்தாலும் பிழை வராது. பழகுபவருக்கு இது பெரிய உதவி.

முதல் வேலை, கசவுக் கரையை வெட்டித் தனியே எடுத்து வைப்பது. சாயத் தண்ணீரில் கொதித்தால் சரிகை கறுத்துவிடும். கடைசிப் பகுதியில் அது வேண்டியிருக்கும்.

சாயம்

பருத்தியில் சாயம் எளிதில் பிடிக்காது. கம்பளியும் பட்டும் விலங்கிலிருந்து வரும் இழைகள், சாயத்தைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். பருத்தி செடி இழை. அதற்கும் சாயத்துக்கும் நடுவில் இரண்டு தரகர்கள் தேவை. ஒன்று துவர்ப்பு, அதற்குக் கடுக்காய். இன்னொன்று படிகாரம். துவர்ப்பு பருத்தியைப் பிடித்துக்கொள்ளும், படிகாரம் துவர்ப்பையும் சாயத்தையும் சேர்த்துக் கட்டும்.

துவர்ப்பின் குணம் கடலோர மக்களுக்குப் புதிதல்ல. நைலான் வருவதற்கு முன், பருத்தி நூல் வலைக்குப் பனிச்சைக்காயை இடித்து ஊறவைத்துத் துவர் ஏற்றும் வழக்கம் தென்னாட்டுக் கரைகளில் இருந்தது. வலை உப்புத் தண்ணீரில் சீக்கிரம் மக்காது, கூடவே பழுப்பு நிறமும் ஏறும். கடுக்காய்த் தண்ணீரில் துணியை முக்குவதும் ஏறக்குறைய அதே வேலைதான்.

உலர்ந்த துணியை முதலில் எடை பார்க்கவேண்டும். கீழே உள்ள கணக்கு 100 கிராம் துணிக்கு. முண்டில் பாதியைச் சாயத்துக்கு ஒதுக்கினால் போதும், மீதி வெள்ளையாகவே இருக்கட்டும்.

1. சலவை சோடா ஒரு தேக்கரண்டி போட்ட தண்ணீரில் துணியை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசவும். பழைய கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் போகும். தண்ணீர் பழுப்பாக இறங்கினால் வேலை நடக்கிறது என்று பொருள்.

2. கடுக்காய்த் தூள் 20 கிராமை வெந்நீரில் கரைத்து, துணியை இரவு முழுக்க ஊறவிடவும். காலையில் பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்தவும். துணி வெளிர் மஞ்சளாக இருக்கும்.

3. படிகாரம் 15 கிராமை வெந்நீரில் முழுதாகக் கரைத்து, துணி மூழ்கும் அளவு தண்ணீர் சேர்த்து, மீண்டும் இரவு முழுக்க ஊறவிடவும். பிறகு லேசாக ஒருமுறை அலசவும்.

4. வெங்காயத்தின் உலர்ந்த மேல்தோல் 100 கிராமை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டவும். ஈரத் துணியை அதில் போட்டு, கொதி வராத சூட்டில் முக்கால் மணி நேரம் கிளறிக்கொண்டே இருக்கவும். அடுப்பை அணைத்து அப்படியே ஆறவிடவும்.

100 கிராம் தோல் என்பது ஒரு பெரிய பை நிறைய வரும். காய்கறிக் கடையில் வெங்காயக் கூடையின் அடியில் கிடப்பதைக் கேட்டு வாங்கலாம். இதில் கிடைப்பது பொன் மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையான நிறம். வேறு நிறம் வேண்டுமென்றால் நான்காவது படியை மட்டும் மாற்றினால் போதும். பலாமரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதியை அறுத்த தூள் அழுத்தமான மஞ்சள் தரும். இலங்கையிலும் பர்மாவிலும் புத்த பிக்குகளின் காவிக்கு நெடுங்காலம் பயன்பட்ட சாயம் அது. பாக்கும் தேங்காய் மட்டையும் பழுப்பின் பல வகைகளைத் தரும்.

கறுப்புச் சாயலுக்கு இரும்பு. துருப்பிடித்த ஆணிகளை வெல்லத் தண்ணீரில் போட்டு இரண்டு வாரம் புளிக்கவைத்தால் கிடைக்கும் கரைசல்தான் கலம்காரிச் சித்திரத்தின் கருங்கோடு. சாயம் ஏறிய துணியை இதில் ஒரு நிமிடம் முக்கினால் மஞ்சள் பாசிப்பச்சையாக மாறும். அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரும்பு கூடினால் பருத்தி இழை நாளடைவில் இற்றுப்போகும்.

புள்ளி வேண்டுபவர்கள் மதுரையைப் பார்க்கவேண்டும். புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில் துணியைத் துளித்துளியாகக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிச் சாயத்தில் முக்குகிறார்கள். கட்டு விழுந்த இடத்தில் சாயம் புகாது. அதே முறையில் ஒரு சாண் துணியில் இருபது கட்டுகள் போட்டுப் பார்க்கலாம். முழுதாக உலர்ந்த பிறகே கட்டை அவிழ்க்கவேண்டும். ஈரத்தில் அவிழ்த்தால் புள்ளிக்குள் சாயம் கசிந்துவிடும்.

பழகுபவர்கள் அடிக்கடி தவறும் இடங்கள் மூன்று. முதலாவது பாத்திரம்: அலுமினியமும் இரும்பும் நிறத்தை மாற்றும், எவர்சில்வர் நல்லது, அதுவும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. இரண்டாவது தண்ணீர்: கடலோரக் கிணற்றில் உப்போ இரும்போ கலந்திருந்தால் நிறம் மங்கும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கவலை இல்லை. மூன்றாவது மஞ்சளும் பீட்ரூட்டும்: இரண்டும் முதல் நாள் கண்ணைப் பறிக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். எந்தச் சாயமானாலும் ஒரு துண்டை எடுத்துப் பாதியைக் காகிதத்தால் மூடி, இரண்டு வாரம் வெயிலில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகு முழுத் துணிக்குப் போகலாம்.

ஒட்டும் தையலும்

அட்டையில் 17 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டிக்கொண்டு, அதை வைத்துச் சாயத் துணியில் 15, வெள்ளையில் 15 சதுரங்கள் வெட்டவும். நான்கு பக்கமும் 1 சென்டிமீட்டர் தையலுக்குப் போனால் ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டராக நிற்கும். ஐந்து சதுரம் கொண்ட வரிசை ஆறு, நிறம் மாற்றி மாற்றி.

சதுரத்தோடு சதுரம் ஓட்டுத் தையல் போட்டு முதலில் ஆறு வரிசைகளையும் முடிக்கவேண்டும். பிறகு இஸ்திரி போடும்போது முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமும், அடுத்த வரிசையின் மடிப்புகளை வலப்பக்கமும் படியவைக்கவும். இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் கூடும். இதைச் செய்யாததால்தான் பலருடைய முதல் விரிப்பில் மூலைகள் தள்ளாடுகின்றன.

அடித்துணி மேல்பக்கத்தைவிடச் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். அதைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, துவர்த்தை அதன்மேல் பரப்பி, ஒட்டித் தைத்த மேல்பக்கத்தை மூடவும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஊசி குத்திக்கொண்டே போய், ஒரு சாண் இடைவெளியில் தற்காலிகத் தையல் போடவும். பிறகு மூன்று அடுக்கையும் பிடிக்கும் ஓட்டுத் தையல், அதுவும் நடுவிலிருந்து தொடங்கி. நூல் முடிச்சை லேசாகச் சுண்டி இழுத்து நடு அடுக்குக்குள் மறைத்துவிட்டால் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். முடிந்ததும் அடித்துணியின் மிச்சத்தை மேலே மடித்து ஓரம் தைக்கவும்.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. கர்நாடகத்தின் எல்லாப்பூர், ஹலியாள் பகுதிகளில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவந்தி விரிப்பில் சதுரமும் கிடையாது, அட்டையும் கிடையாது. ஒரு பழைய சேலையை விரித்து, ஓரத்திலிருந்து தொடங்கித் துண்டுகளை மேலே மேலே வைத்துத் தைத்துக்கொண்டே சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துச் செய்த ஒரு முக்கோணப் பூவை வைத்தால்தான் விரிப்பு நிறைவு பெற்றதாகக் கொள்கிறார்கள். வங்காளத்துக் காந்தாவும் பழஞ்சேலைகளின் அடுக்கு மேல் ஓடும் வெறும் ஓட்டுத் தையல்தான். அமெரிக்காவின் அலபாமாவில் கீஸ் பெண்ட் என்ற ஆற்றங்கரை ஊரின் கறுப்பினப் பெண்கள் வேலைக்குப் போட்டு நைந்த உடைகளில் தைத்த விரிப்புகள் 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. சதுரம் வெட்டுவதில் பொறுமை இல்லாதவர்கள் சித்திப் பெண்களின் வழியில் தாராளமாகப் போகலாம்.

பின்னல்

கம்பிப் பின்னலையும் குரோஷாவையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டு கம்பிகளில் பின்னும்போது வரிசையின் எல்லாக் கண்ணிகளும் கம்பியில் உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரை ஓடி அவிழும். குரோஷாவில் எப்போதும் ஒரு கண்ணிதான் திறந்திருக்கும், அது நழுவினால் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். கம்பிப் பின்னல் நெகிழ்ந்து கொடுக்கும், குரோஷா உருக்குலையாமல் நிற்கும். அதனால் விரிப்பின் ஓரத்துக்குக் குரோஷா.

கம்பிப் பின்னலையும் கைக்குக் கொண்டுவர விரும்புபவர்கள் பருத்தி நூலில் 20 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசையும் நேர்ப்பின்னலாகவே பின்னி ஒரு சதுரம் செய்யட்டும். பாத்திரம் துடைக்கும் துணியாகப் பயன்படும், பிழை இருந்தாலும் குற்றமில்லை. கம்பளி நூல் இந்தக் கரையில் வியர்வையில் ஒட்டும், பருத்தியே சுகம்.

ஓரத்துக்கு வருவோம். தைத்து மடித்த துணியில் குரோஷா ஊசி நேரே நுழையாது. அதனால் விரிப்பைச் சுற்றி அரை சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பளித் தையல் போட்டு, அந்த நூல் வளையங்களில் குரோஷாவைத் தொடங்கவேண்டும். முதல் வரிசை ஒற்றைக் கண்ணி. இரண்டாவது வரிசையில் ஐந்து சங்கிலி போட்டு, மூன்று கண்ணி தாண்டிக் குத்தினால் சிறு சிறு வளைவுகளாக வரும். மூலைகளில் ஒரே இடத்தில் மூன்று கண்ணி போடாவிட்டால் விரிப்பு கிண்ணம்போல் சுருளும்.

நூல் எவ்வளவு வேண்டும் என்பதை ஊகிக்கவேண்டாம். 10 சென்டிமீட்டர் ஓரத்தைப் பின்னி, அவிழ்த்து, செலவான நூலை அளக்கவும். விரிப்பின் சுற்றளவு 330 சென்டிமீட்டர், எனவே அந்த அளவை 33-ஆல் பெருக்கவும். 10 சென்டிமீட்டருக்கு 3 மீட்டர் பிடித்தால் மொத்தம் 99 மீட்டர். மூலைகளுக்கும் பிழைகளுக்கும் சேர்த்து 110 மீட்டர் வாங்கிக்கொள்ளலாம்.

குரோஷா தனியாக உட்கார்ந்து செய்யும் வேலை என்றாலும் கூட்டமாகவும் செய்யலாம். சுபஸ்ரீ நடராஜன் சென்னையில் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் ஊர் ஊராக இருந்து பின்னியதை 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் ஒன்றாக இணைத்தார்கள். 11,148.5 சதுர மீட்டர் பரப்பு கொண்ட அந்தப் போர்வை உலகின் மிகப்பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் பதிவானது. தனியாகச் செய்து சோர்பவர்கள் நாலு வீட்டார் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் பின்னலாம். ஆனால் எல்லோரும் முதலில் 10 சென்டிமீட்டர் மாதிரியைப் பின்னி ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். இறுக்கிப் பின்னும் கையும் தளரப் பின்னும் கையும் ஒரே விரிப்பில் சேர்ந்தால் ஓரம் நேராக நிற்காது.

அலங்காரம்

இந்த வட்டாரத்துப் பெண்களுக்கு ஊசி வெறும் பொழுதுபோக்காக வரவில்லை. 1820-களின் தொடக்கத்தில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண் பிள்ளைகளுக்குத் தலையணை லேஸ் கற்றுக்கொடுத்தார். நாடார் பெண்களுக்கு மார்பை மறைக்க உரிமை மறுக்கப்பட்ட காலம் அது. மிஷன் பள்ளிகளின் தையல் அறையிலிருந்து வந்த குப்பாயமும் அந்த உரிமைப் போரில் ஒரு பங்கு வகித்தது. நாடார் பெண்கள் மேலுடை அணிய அனுமதிக்கும் அரச ஆணை 1859 ஜூலை 26-ஆம் தேதிதான் வந்தது, அதுவும் சில கட்டுப்பாடுகளோடு. பிறகு 1897-இல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் தெ மேஸ்தர் அநாதைப் பிள்ளைகளைக் கூட்டி லேஸும் பூத்தையலும் கற்பித்தார்.

தலையணை லேஸை அருகில் பார்க்கவேண்டும். உருண்டையான கெட்டித் தலையணையின் மேல் துளையிட்ட அட்டை. ஒவ்வொரு துளையிலும் ஒரு குண்டூசி. குண்டூசிகளிலிருந்து தொங்கும் நூல்களின் நுனியில் சிறு மரக்கட்டைகள். பின்னுபவர் நூலைத் தொடுவதே இல்லை, கட்டைகளைத்தான் ஜோடி ஜோடியாகக் கடத்துகிறார், திருகுகிறார். கட்டைகள் மோதும் மெல்லிய ஓசைதான் அந்த வேலையின் தாளம். விரல் அகல லேஸ் ஒரு சாண் நீளம் வளர நேரம் பிடிக்கும். முதல் விரிப்புக்கு இதை முயலவேண்டாம். ஆனால் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தவர் அதன் பிறகு லேஸை மீட்டர் கணக்கில் மலிவாகக் கேட்கமாட்டார்.

விரிப்புக்கு மூன்று வேலைகள் போதும். எடுத்து வைத்த கசவுக் கரையை விரல் அகல நாடாவாக மடித்து, விரிப்பின் நடுவே குறுக்காக வைத்து, இரு ஓரமும் கண்ணுக்குத் தெரியாத சிறு தையலால் பதிக்கவும். தஞ்சாவூர்ப் பகுதியில் தேருக்குத் தொங்கவிடும் தொம்பைகளில் துணிமேல் துணி வைத்துத் தைப்பதும் இதே முறைதான். அடுத்து, வெள்ளைச் சதுரங்களில் சங்கிலித் தையலால் வளைகோடுகள். வலையின் கண்களையே வடிவமாக எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நீலகிரித் தோடர் பெண்களின் பூத்தையலிலிருந்து ஒரு பாடம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலையில் அச்சும் வரைவும் இல்லை. வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்பும் ஏற்றுகிறார்கள். கைத்தறி முண்டில் இழை தெளிவாகத் தெரியும் என்பதால் நான்கு இழை மேலே, நான்கு இழை கீழே என்று எண்ணித் தைத்தால் கோடு போடாமலே கோடு நேராக வரும்.

குழந்தை விரிப்பில் சோழியோ பொத்தானோ கண்ணாடியோ வேண்டாம். பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். பெரியவர்களுக்கான சுவர்த் தொங்கலில் அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

முடித்த பிறகு

முதல் சலவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில், பூந்திக்கொட்டை நுரையில். எலுமிச்சையும் சோடாவும் சாயத்தின் நிறத்தை மாற்றும், அவற்றைத் தவிர்க்கவும். நிழலில் விரித்து உலர்த்தவும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் தையல் இழுபடும். கடற்காற்றில் உப்பும் ஈரமும் இருப்பதால் பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பனையோலைப் பெட்டி நல்லது. மழைக்காலத்தில் வெயில் முகம் காட்டும் நாளெல்லாம் எடுத்து உதறிக் காற்றாட விடவேண்டும்.

கடைசியாக, அடிப்பக்கத்தின் ஒரு மூலையில் வெள்ளைத் துண்டு ஒன்றை வைத்துத் தைத்து, அதில் செய்தவர் பெயரையும் ஆண்டையும் பூத்தையலில் எழுதவும். பெயருக்குக் கீழே சாயக் கணக்கையும் எழுதலாம்: வெங்காயத் தோல் 100, கடுக்காய் 20, படிகாரம் 15, மழைத் தண்ணீர். அடுத்த விரிப்புக்கு அதே நிறம் வேண்டுமென்று வீட்டில் யாராவது கேட்கும்போது புத்தகத்தைத் தேடவேண்டியதில்லை, விரிப்பைப் புரட்டினால் போதும்.